நாற்பதாயிரம் பக்கம் பேசிய பள்ளத்தாக்கு

கனடாவின் வடமேற்கில், ஆர்க்டிக் கடலை நோக்கி ஓடும் மெக்கன்சி ஆற்றங்கரையில், 1920ஆம் ஆண்டு இம்பீரியல் ஆயில் நிறுவனம் தோண்டிய கிணற்றில் எண்ணெய் பீறிட்டது. இன்று நார்மன் வெல்ஸ் என்று அழைக்கப்படும் ஊர் அது. மறு கோடையிலேயே அரசின் ஒப்பந்தக் குழு ஆற்று வழியே வந்து இறங்கியது. அந்தப் பள்ளத்தாக்கின் பழங்குடிகளான டெனே மக்கள் பசியிலும் நோயிலும் தவித்த காலத்தில் ஒப்பந்தம் பற்றி அக்கறை காட்டாத ஒட்டாவா, எண்ணெய் தெரிந்த ஏறக்குறைய ஓராண்டில் பெரும்பாலான ஊர்களில் கையெழுத்து வாங்கி முடித்தது. 11ஆம் எண் ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். ஆளுக்கு ஆண்டுக்கு 5 டாலர். வேட்டைக்குத் தோட்டா, வலை பின்ன நூல். ஆங்கில வாசகத்தின்படி, இவற்றுக்கு ஈடாக டெனே மக்கள் தங்கள் நிலத்தின் மீதான உரிமை முழுவதையும் அரசுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

டெனே முதியவர்களின் நினைவு வேறாக இருந்தது. வெள்ளையரோடு சமாதானமாக இருப்போம், எங்கள் வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் யாரும் குறுக்கே வரமாட்டார்கள் என்று பேசிக்கொண்டோம். நிலத்தைக் கொடுக்கும் பேச்சே எழவில்லை என்றார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 1973இல், டெனே தலைவர்கள் 16 பேர் சுமார் 4,50,000 சதுர மைல் நிலத்தில் தங்களுக்கு உரிமை உண்டு என்று நிலப் பதிவேட்டில் தடைக்குறிப்பு பதியச் சென்றபோது, அந்த நினைவுகள் நீதிமன்றத்துக்கு வந்தன. நீதிபதி வில்லியம் மோரோ, சாட்சிகள் மூப்பில் மறையும் முன் கேட்டுவிட வேண்டும் என்று ஊர்களுக்கே சென்று விசாரித்தார். உரிமை பறிபோய்விட்டது என்பது சந்தேகத்துக்குரியது என்று தீர்ப்பளித்தார். மேல் நீதிமன்றங்கள் பின்னர் அதைப் பதிவுச் சட்ட நுணுக்கம் காட்டித் தள்ளுபடி செய்தன. ஆனால் முதியவர்களின் சாட்சியம் ஏட்டில் ஏறிவிட்டது. ஒரு பெருந்திட்டம் வருவதற்கு முன் அந்த மண்ணின் மக்களிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கு உலகம் இன்றுவரை எடுத்துக்காட்டும் விசாரணைக்கு நிலம் பண்பட்டது இப்படித்தான்.

எண்ணெய்க் கதை இதற்குள் வெகுதூரம் போயிருந்தது. 1968இல் அலாஸ்காவின் புரூடோ விரிகுடாவில் வட அமெரிக்காவின் மிகப் பெரிய எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. கூடவே பெருமளவு இயற்கை எரிவாயுவும். மெக்கன்சி ஆற்றின் முகத்துவாரத்திலும் எரிவாயு கிடைத்தது. 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும், வடக்கின் எரிவாயுவைத் தெற்கின் நகரங்களுக்குக் கொண்டுவருவது அவசரத் தேவையாகப் பேசப்பட்டது. எக்ஸான், கல்ஃப், ஷெல் உள்ளிட்ட நிறுவனங்கள் கூடி ‘கனடியன் ஆர்க்டிக் கேஸ்’ என்ற கூட்டமைப்பை உருவாக்கின. புரூடோவிலிருந்து யூகானின் கடற்கரைச் சமவெளி வழியாக முகத்துவாரத்துக்கு வந்து, அங்கிருந்து பள்ளத்தாக்கு நெடுக ஆல்பர்ட்டா வரை 48 அங்குல விட்டமுள்ள குழாயைப் புதைப்பது அதன் திட்டம். போட்டியாக ‘ஃபுட்ஹில்ஸ்’ நிறுவனம் முகத்துவார எரிவாயுவை மட்டும் எடுத்துச் செல்லும் 42 அங்குலக் குழாயோடு வந்தது.

குழாய் என்ற சொல்லைக் கேட்டால் மண்ணுக்குள் மறைந்து போகும் ஒரு கோடுதான் மனதில் வரும். ஆர்க்டிக் கேஸின் கணக்கு அப்படியானது அல்ல. சுமார் 600 ஆறுகளையும் ஓடைகளையும் அது கடக்க வேண்டும். சரளைக்கல் எடுக்க 130 இடங்களில் குழிகள் தோண்ட வேண்டும். கட்டுமானத்துக்கு 6,000 பேர், எரிவாயு ஆலைகளுக்கு மேலும் 1,200 பேர். மெக்கன்சி பள்ளத்தாக்கிலும் மேற்கு ஆர்க்டிக்கிலும் அப்போது இருந்த மொத்த மக்கள் தொகையே சுமார் 30,000. அதில் பாதிப் பேர் டெனே, இனுயிட், மெத்தி ஆகிய பழங்குடி மக்கள். எரிவாயுக் குழாய்க்குப் பின்னால் அதே தடத்தில் எண்ணெய்க் குழாயும் வரும் என்பதை அரசின் 1972ஆம் ஆண்டு நெறிமுறைகளே எதிர்பார்த்தன.

1974 மார்ச் 21 அன்று பியர் ட்ரூடோவின் சிறுபான்மை அரசு, பிரிட்டிஷ் கொலம்பியா உச்ச நீதிமன்ற நீதிபதி தாமஸ் பெர்ஜரை விசாரணை ஆணையராக நியமித்தது. அவருக்கு வயது நாற்பது. வழக்கறிஞராக இருந்தபோது நிஸ்கா பழங்குடி மக்களுக்காக அவர் நடத்திய கால்டர் வழக்கில், வெள்ளையர் வருகைக்கு முன்பிருந்தே பழங்குடியினருக்கு நிலத்தின் மீது சட்டப்படியான உரிமை இருந்தது என்பதை 1973இல் கனடா உச்ச நீதிமன்றம் ஏற்றது. நிஸ்கா மக்களுக்கு அந்த வழக்கில் வெற்றி கிட்டவில்லை. என்றாலும் அரசின் நிலக் கொள்கையே அதனால் மாறியது. அப்படிப்பட்டவரிடம் குழாயின் சமூக, சுற்றுச்சூழல், பொருளாதார விளைவுகளை ஆராயும் பொறுப்பு வந்தது. அனுமதி தருவதா, மறுப்பதா என்பது அரசின் கையில். எந்த நிபந்தனைகளோடு தரலாம் என்று சொல்வது மட்டுமே அவர் வேலை.

பெர்ஜர் முதலில் கவனித்தது பணத்தை. குழாய்த் தடத்தை ஆராய எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள் சுமார் 5 கோடி டாலரும் அரசு சுமார் 1.5 கோடி டாலரும் அதற்குள் செலவிட்டிருந்தன. எதிரே நிற்கப்போகிறவர்களிடம் ஒரு வழக்கறிஞரை அமர்த்தவும் காசில்லை. ஒரு பக்கம் மட்டும் ஆய்வு செய்யும் விசாரணையில் உண்மை தெரியாது என்று அவர் அரசிடம் வாதாடினார். வடமேற்கு நிலப்பகுதி டெனே மக்களின் ‘இந்தியர் சகோதரத்துவ’ அமைப்பு, மேற்கு ஆர்க்டிக்கின் இனுயிட் பிரிவினரான இனுவியாலுயிட் மக்களுக்காக நின்ற ‘கோப்’ அமைப்பு, சுற்றுச்சூழல் குழுக்கள், நகராட்சிகளின் சங்கம் என்று பலருக்கும் 17 லட்சம் டாலருக்கு மேல் நிதி கிடைத்தது. விசாரணையின் மொத்தச் செலவே சுமார் 53 லட்சம் டாலர்தான் என்பதை வைத்துப் பார்த்தால் இதன் எடை புரியும். நிறுவனங்களும் அரசுத் துறைகளும் தங்களிடம் இருந்த ஆய்வறிக்கைகளை மற்றவர் பார்வைக்கு வைக்க வேண்டியதாயிற்று. இது சலுகை அல்ல. மதிப்பீடு என்ற சொல்லுக்கே இதில்லாமல் பொருள் இல்லை.

1975 மார்ச் 3 அன்று யெல்லோநைஃப் நகரில் முறையான அமர்வுகள் தொடங்கின. மண்ணியல் வல்லுநர்கள், பறவையியலாளர்கள், பொறியாளர்கள், மானுடவியலாளர்கள் என்று சுமார் 300 பேர் சாட்சியம் சொன்னார்கள். குறுக்கு விசாரணைக்கும் ஆளானார்கள். இது எந்த விசாரணையிலும் நடப்பதுதான். பெர்ஜர் இதற்கு இணையாக இன்னொன்றை நடத்தினார். பள்ளத்தாக்கிலும் முகத்துவாரத்திலும் பியூஃபோர்ட் கடலோரத்திலும் யூகானிலும் இருந்த 35 ஊர்களுக்கு அவரே சென்றார். பள்ளிக்கூடம், ஊர்ப் பொதுக்கூடம், மரவீடு, மீன்பிடி முகாம், எங்கே மக்கள் கூடுவார்களோ அங்கே. யாருக்கும் நேரக் கட்டுப்பாடு இல்லை. வழக்கறிஞர்கள் எழுந்து மடக்கிக் கேள்வி கேட்கவும் இடமில்லை. பேச நினைத்தவர்கள் தங்கள் தங்கள் மொழியில் பேசினார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் கூடவே இருந்தார்கள். நிறுவனங்களின் ஆட்கள் ஒவ்வொரு ஊருக்கும் வந்து, மக்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஏறத்தாழ ஆயிரம் பேர் பேசினார்கள். அமர்வுகளின் எழுத்துப்படி 40,000 பக்கங்களைத் தாண்டியது.

வானொலியின் பங்கு தனியாகச் சொல்லத் தக்கது. கனடிய ஒலிபரப்புக் கழகத்தின் வடக்குச் சேவை, விசாரணையோடு ஊர் ஊராகப் பயணம் செய்தது. விட் ஃப்ரேசர் ஆங்கிலத்தில். ஜோ டோபி டாக்ரிப், சிப்பேவியன் மொழிகளில். லூயிஸ் பிளாண்டின் ஸ்லேவியில். ஜிம் சிட்டிசின்லி க்விச்சின் மொழியில். ஏப் ஓக்பிக் இனுயிட் மொழியில். அன்றன்று நடந்தது அன்றிரவே ஒலிபரப்பானது. ஓர் ஊரில் ஒரு மூதாட்டி சொன்னதை நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இன்னோர் ஊர் கேட்டது. தங்கள் முறை வரும்போது அதற்குத் தொடர்ச்சியாகப் பேசியது. சாலைகள் அரிதான ஒரு நிலத்தில், தனித்தனியாக இருந்த குடியிருப்புகள் தாங்கள் ஒரே கேள்வியின் முன் நிற்கிறோம் என்று உணர்ந்ததில் இந்த ஒலிபரப்புக்குப் பெரும் பங்கு உண்டு. 1975 ஜூலையில் ஃபோர்ட் சிம்சனில் கூடிய டெனே மக்கள் தங்களைத் தனித் தேசிய இனமாக அறிவித்துக்கொண்டது இந்த மாதங்களில்தான்.

ஊர்க் கூட்டங்களில் மக்கள் குழாயைப் பற்றி மட்டும் பேசவில்லை. பிள்ளைகளைப் பிடுங்கிச் சென்ற விடுதிப் பள்ளிகள், வேட்டையாடும் காட்டில் சொல்லாமல் கொள்ளாமல் புல்டோசர் ஓட்டி, எண்ணெய் தேடும் நிலவதிர்வு ஆய்வுக்குத் தடம் வெட்டியவர்கள், பொறிகள் மீது ஏறிப் போன வண்டிகள், கூலி வேலையோடு சேர்ந்து வந்த சாராயம், எல்லாம் வந்தன. இவை விசாரணையின் எல்லைக்குள் வருமா என்று ஒரு சட்ட வல்லுநர் கேட்கலாம். பெர்ஜர் வரும் என்றே நினைத்தார். வரப்போவது என்ன செய்யும் என்பதற்கு, ஏற்கெனவே வந்தவை என்ன செய்தன என்பதைவிடச் சிறந்த சான்று ஏது?

வரைபடங்களும் வந்தன. டெனே ஆராய்ச்சியாளர் ஃபீபி நஹானி வழிநடத்திய குழு, வேட்டைக்காரர்களைச் சந்தித்து, ஒவ்வொருவரும் தம் வாழ்நாளில் எங்கே பொறி வைத்தார், எந்த ஏரியில் வலை போட்டார், எந்தத் தடத்தில் நாய் வண்டி ஓட்டினார் என்று தாளில் கோடு போட வைத்தது. கோடுகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, அரசின் வரைபடத்தில் வெறுமையாகத் தெரிந்த இடமெல்லாம் நிறைந்து போனது. இனுயிட் மக்களுக்கும் இதே போன்ற பெருந்தொகுப்பு 1976இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது.

பிறகு இறைச்சிக் கணக்கு. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் எந்த நாட்டிலும் பழங்குடி மக்களின் வாழ்வாதாரம் காகிதத்தில் மறைந்துபோகும் இடம் இதுதான். ஆர்க்டிக் கேஸின் வல்லுநர்கள் வைத்த வாதம் எளிமையானது: வேட்டையும் மீன்பிடிப்பும் செத்துக்கொண்டிருக்கும் தொழில்கள், மக்கள் கூலியையும் அரசு உதவித்தொகையையும் நம்பியே பிழைக்கிறார்கள், ஆகவே குழாய் கொண்டுவரும் வேலை அவர்களுக்கு விமோசனம். ஆதாரமாக அவர்கள் காட்டியது விற்பனையான மென்மயிர்த் தோலின் பண மதிப்பு. அது உண்மையில் சிறிய தொகைதான். ஆனால் தோலைத் தவிர மற்ற எதுவும் சந்தைக்குப் போகவில்லை. மூஸ் மான், கரிபூ மான், மீன், வாத்து எல்லாம் வீட்டு அடுப்புக்கும் உறவினர் அடுப்புக்கும் போயின. பேரேட்டில் அவற்றுக்குப் பூஜ்யம். மைக்கேல் ஆஷ், பீட்டர் அஷர் போன்ற ஆய்வாளர்கள் கேள்வியைத் திருப்பிக் கேட்டார்கள்: அதே அளவு இறைச்சியை, தெற்கிலிருந்து விமானத்தில் கொண்டுவந்து விற்கும் கடையில் வாங்கினால் என்ன விலை? அந்த விலையில் பெருக்கியபோது, செத்துக்கொண்டிருப்பதாகச் சொல்லப்பட்ட தொழில் பல குடும்பங்களைத் தாங்கி நிற்பது தெரிந்தது. குழாய் தரும் வேலையோ இரண்டு மூன்று குளிர்காலங்களுக்கு. அதிலும் பற்றவைப்பு போன்ற திறன் வேலைகள் தெற்கிலிருந்து வரும் தொழிற்சங்க உறுப்பினர்களுக்கே போகும். மிச்சம் உதவியாள் வேலை. இந்த இரண்டு கணக்கையும் ஒரே மேசையில் வைத்ததுதான் பெர்ஜர் விசாரணையின் ஆகப் பெரிய அறிவுப் பங்களிப்பு என்று சொல்லத் தோன்றுகிறது.

பொறியியலும் தப்பவில்லை. அந்த வடக்கில் மண்ணுக்கடியில் கோடையிலும் உருகாத உறைநிலம் இருக்கிறது. சூடான குழாய் பதித்தால் அது உருகி நிலம் அமிழும். அதனால் எரிவாயுவை உறைநிலைக்குக் கீழே குளிரவைத்து அனுப்புவோம் என்றது ஆர்க்டிக் கேஸ். ஆனால் தெற்கே வர வர உறைநிலம் தொடர்ச்சியாக இல்லை. இடையிடையே உறையாத ஈர மண். அங்கே குளிர்ந்த குழாய் தன்னைச் சுற்றியுள்ள நீரையெல்லாம் இழுத்து உறைய வைக்கும். பனிக்கட்டி பெருத்துக் குழாயை மேலே தூக்கும். எவ்வளவு விசையோடு தூக்கும் என்பதற்கு நிறுவனம் ஆய்வுக்கூடச் சோதனை முடிவுகளைக் கொடுத்திருந்தது. விசாரணை முடியும் தறுவாயில், 1976 அக்டோபரில், சோதனைக் கருவியில் கோளாறு இருந்தது, விசையைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்று நிறுவனமே தெரிவிக்க நேர்ந்தது. பல கோடி டாலர் ஆய்வின் மையத்திலேயே பிழை. குறுக்கு விசாரணையும் எதிர்த்தரப்பு வல்லுநர்களும் இல்லாத ஒரு விசாரணையில் இத்தகைய பிழை வெளிவராமலே போயிருக்கலாம்.

1975 ஆகஸ்டில் ஃபோர்ட் குட் ஹோப்பில் நடந்த கூட்டம் கனடாவெங்கும் பேசப்பட்டது. ஃபுட்ஹில்ஸ் நிறுவனத்தின் தலைவர் பாப் பிளேர் அங்கே நேரில் வந்திருந்தார். இளம் தலைவர் ஃபிராங்க் ட்செலேய் அவரை முகத்துக்கு நேரே பார்த்துப் பேசினார். எங்கள் மக்களை அழிக்கத் திட்டமிடும் படைத்தலைவரைப் போலத்தான் நீங்கள் எனக்குத் தெரிகிறீர்கள். இந்தக் குழாயைத் தடுக்க உயிரைக் கொடுக்கவும் நான் ஆயத்தம். இன்னும் பிறக்காத குழந்தைகளும் இந்த ஆற்றை இப்படியே பார்க்க வேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த தெற்கத்தியர் பலருக்கு, வடக்கில் இப்படிப் பேசும் ஒரு தலைமுறை வளர்ந்திருப்பதே புதிய செய்தி. அதே ஊரைச் சேர்ந்த ஸ்டீபன் காக்ஃப்வி என்ற இளைஞர், கூட்டங்களுக்கு மக்களை ஆயத்தப்படுத்தியவர்களில் ஒருவர். அவர் பெயர் பின்னால் வேறோர் இடத்தில் வரும்.

1976இல் வான்கூவரிலிருந்து ஹாலிஃபாக்ஸ் வரை பத்துத் தெற்கு நகரங்களிலும் பெர்ஜர் அமர்வுகள் நடத்தினார். எரிவாயுவை எரிக்கப்போகிறவர்களும் பதில் சொல்ல வேண்டியவர்கள் என்பது அதன் பொருள்.

அறிக்கையின் முதல் தொகுதி 1977 மே 9 அன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. ‘வடக்கு எல்லைப்புறம், வடக்குத் தாயகம்’ என்பது தலைப்பு. அரசு அறிக்கை என்ற தோற்றமே இல்லை. நிறையப் புகைப்படங்கள், எளிய நடை, மக்களின் பேச்சு அப்படியே. கனடிய அரசு வெளியீடுகளில் மிக அதிகமாக விற்றவற்றில் அதுவும் ஒன்றானது.

அதன் முடிவுகள் இடத்துக்கு இடம் வேறுபட்டன. யூகான் கடற்கரைச் சமவெளியில் எக்காலத்திலும் குழாய் கூடாது. அங்கேதான் லட்சத்துக்கும் அதிகமான போர்க்குப்பைன் கரிபூ மந்தை கன்று ஈனும் காலத்தில் கூடுகிறது. இலையுதிர் காலத்தில் லட்சக்கணக்கான பனிவாத்துகள் தெற்கே பறக்கும் முன் மேய்ந்து கொழுக்கின்றன. ஓல்ட் க்ரோ ஊரின் க்விச்சின் மக்களுக்கு அந்த மந்தைதான் சோறு. முகத்துவாரத்துக்கு மேற்கே பெலுகா திமிங்கிலங்கள் குட்டியோடு வந்து சேரும் விரிகுடாவுக்குச் சரணாலயம் வேண்டும். மெக்கன்சி பள்ளத்தாக்கைப் பற்றி அவர் சொன்னது பலருக்கு வியப்பளித்தது: சுற்றுச்சூழல் நோக்கில் அங்கே குழாய் பதிப்பது இயலும், ஆனால் பழங்குடி மக்களின் நிலக் கோரிக்கைகளைத் தீர்க்கவும், அதன் அடிப்படையில் அவர்கள் தங்கள் நிறுவனங்களைக் கட்டியெழுப்பவும் பத்தாண்டு அவகாசம் வேண்டும். கையெழுத்தை முதலில் வாங்கிவிட்டுப் பேச்சுவார்த்தையைப் பிறகு வைத்துக்கொள்ளும் 1921ஆம் ஆண்டு வழக்கத்துக்கு நேர் எதிரான வரிசை இது.

எண்ணெய்த் துறையில் கோபம் கொப்பளித்தது. 1969இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் புதிய ஜனநாயகக் கட்சிக்குத் தலைவராக இருந்தவரிடம் நடுநிலையை எதிர்பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். ஆனால் 1977 ஜூலை 4 அன்று, தனியாக விசாரணை நடத்திவந்த தேசிய எரிசக்தி வாரியமும் ஆர்க்டிக் கேஸ் திட்டத்தை நிராகரித்தது. அலாஸ்கா நெடுஞ்சாலையை ஒட்டிய மாற்று வழியைத் தேர்ந்தெடுத்தது. அந்த மாற்று வழியின் வடக்குப் பகுதியும் கடைசிவரை கட்டப்படவில்லை. எரிவாயு அவசரம் என்று சொன்ன ஆண்டுகள் கடந்தன. தெற்கில் யாரும் குளிரில் உறைந்துவிடவில்லை.

அவகாசம் வீணாகவில்லை. 1984இல் இனுவியாலுயிட் மக்களின் ஒப்பந்தம் சுமார் 91,000 சதுர கிலோமீட்டர் நிலத்தை அவர்கள் உடைமையாக்கியது. அதே ஒப்பந்தத்தின் வழியே யூகான் கடற்கரையில், இன்று இவ்வாவிக் என்று பெயர் பெற்ற தேசியப் பூங்கா பிறந்தது. 1992இல் க்விச்சின், 1993இல் சாஹ்து டெனே, மெத்தி மக்கள், 2003இல் த்லிச்சோ மக்கள் என்று ஒப்பந்தங்கள் தொடர்ந்தன. தெஹ்சோ டெனே மக்களின் பேச்சுவார்த்தை மட்டும் இழுத்துக்கொண்டே போனது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மெக்கன்சி பள்ளத்தாக்குச் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு வாரியத்தில் பழங்குடி அரசுகள் பரிந்துரைத்த உறுப்பினர்கள் அமர்ந்தார்கள். பெலுகா விரிகுடாவுக்குப் பாதுகாப்பு 2010இல் கிடைத்தது. போர்க்குப்பைன் மந்தை 2017 கணக்கெடுப்பில் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது.

இந்த வரலாற்றின் ஒரு கிளை இந்தியாவுக்கு வந்ததைப் பலர் அறிவதில்லை. நர்மதை ஆற்றில் சர்தார் சரோவர் அணைக்கு 1985இல் 45 கோடி டாலர் கடன் தந்த உலக வங்கி, பள்ளத்தாக்கு மக்களின் போராட்டம் வலுத்ததும், 1991இல் சுதந்திரமான மறு ஆய்வுக் குழுவை அமைத்தது. தலைவர் அமெரிக்கரான பிராட்ஃபோர்ட் மோர்ஸ். துணைத் தலைவர் தாமஸ் பெர்ஜர். இனுயிட் நிலப் பயன்பாட்டு ஆய்வில் பணியாற்றிய மானுடவியலாளர் ஹியூ பிராடியும் குழுவில் இருந்தார். மெக்கன்சியில் செய்ததைப் போலவே அவர்கள் பில், தாத்வி கிராமங்களுக்குச் சென்று உட்கார்ந்தார்கள். 1992 ஜூனில் வெளிவந்த அறிக்கை கண்டதும் பழகிய கதைதான். நீரில் மூழ்கும் 245 கிராமங்களில் குறைந்தது ஒரு லட்சம் பேர். கால்வாய்களால் பாதிக்கப்படும் சுமார் 1,40,000 விவசாயிகள் வெளியேற்றப்படுவோர் கணக்கிலேயே இல்லை. அணைக்குக் கீழே ஆற்றை நம்பி வாழும் மீனவர்கள் மேல் என்ன விளைவு என்று யாரும் ஆராயவில்லை. தலைமுறைகளாகக் காட்டு நிலத்தை உழுத பழங்குடியினர், பட்டா இல்லாததால் ‘ஆக்கிரமிப்பாளர்’ என்று ஏட்டில் ஏறியிருந்தார்கள். நிலத்துக்கு நிலம் பெறும் தகுதி அதனால் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. கரிபூ இறைச்சி பேரேட்டில் பூஜ்யமானது போலவே இந்த நிலமும் பூஜ்யமாகியிருந்தது. வங்கி இந்தத் திட்டத்திலிருந்து ஓர் அடி பின்வாங்கி யோசிக்க வேண்டும் என்றது அறிக்கை. 1993 மார்ச்சில் மிச்சக் கடன் வேண்டாம் என்று இந்திய அரசே அறிவித்தது. அதே ஆண்டு உலக வங்கி, பாதிக்கப்பட்டோர் நேரடியாக முறையிடக்கூடிய ஆய்வுக் குழுவை நிறுவியது.

இந்தியாவில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு 1994இல் சட்டப்படி கட்டாயமாகி, 1997இல் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் சேர்ந்தது. அது நல்ல தொடக்கம். ஆனால் மெக்கன்சியோடு ஒப்பிட்டால் இடைவெளி உறுத்துகிறது. மதிப்பீட்டை எழுதும் ஆலோசகருக்குச் சம்பளம் கொடுப்பது திட்டத்தைக் கொண்டுவரும் நிறுவனம். அறிக்கையின் சுருக்கம் மட்டுமே மக்கள் மொழியில் வரும். கூட்டம் பெரும்பாலும் ஒரே நாள். எதிர்த்தரப்புக்கு ஆய்வு செய்யப் பணம் தரும் ஏற்பாடு கிடையாது. மீனையும் தேனையும் கிழங்கையும் கடை விலையில் பெருக்கிப் பார்க்கச் சொல்லும் விதியும் கிடையாது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்பதை 2013இல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடமே விட்டபோது, டோங்ரியா கோந்த் மக்களின் பன்னிரண்டு கிராமங்களும் ஒன்றன்பின் ஒன்றாக மறுத்தன. ஊருக்கே சென்று, அவர்கள் மொழியில் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த நாட்டிலும் சான்று இருக்கிறது.

கனடாவில் குழாய் மறுபடி வந்தது. 2000ஆம் ஆண்டு உருவான பழங்குடிக் குழாய்ப்பாதைக் குழு, புதிய மெக்கன்சி எரிவாயுத் திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு உரிமை பெறப் பேசி முடித்தது. அப்போது வடமேற்கு நிலப்பகுதியின் முதல்வராக இருந்தவர் ஸ்டீபன் காக்ஃப்வி. ஒரு காலத்தில் குழாயை எதிர்த்தவர், இப்போது அதை ஆதரித்துப் பேசினார். கொள்கையை விற்றுவிட்டார் என்று சிலர் வருந்தினார்கள். அந்தக் குறை நியாயமற்றது. 1975இல் எதிர்த்தது எரிவாயுவை அல்ல. தங்களைக் கேட்காமல், தங்களுக்கு உரிமை இல்லாமல் வரும் எதையும். நிலம் கைக்கு வந்த பிறகு அதில் என்ன செய்வது என்று அவர்களே முடிவெடுத்தார்கள். சில சமூகங்கள் ஒப்புக்கொண்டன, தெஹ்சோ ஒப்பவில்லை. திட்டத்தை ஆராய்ந்த கூட்டு மதிப்பாய்வுக் குழு நீண்ட அமர்வுகளுக்குப் பின் 2009 டிசம்பரில் 176 பரிந்துரைகளோடு அறிக்கை தந்தது. எரிசக்தி வாரியம் அடுத்த ஆண்டு 264 நிபந்தனைகளோடு அனுமதித்தது. அதற்குள் செலவு 1,600 கோடி டாலரைத் தாண்டிப் போயிருந்தது. பாறையிடுக்கு எரிவாயு சந்தையை நிறைத்து விலையும் சரிந்தது. 2017 டிசம்பரில் நிறுவனங்கள் திட்டத்தைக் கைவிட்டன. நிலமும், அதன் உரிமை ஆவணங்களும், மதிப்பீட்டு வாரியத்தில் இடமும் அந்த மக்களிடமே இருக்கின்றன.

பெர்ஜர் மதிப்பிட்ட இன்னொரு பள்ளத்தாக்கில் அதே 2017 செப்டம்பர் 17 அன்று சர்தார் சரோவர் அணை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 2019 செப்டம்பரில் நீர்மட்டம் முதன்முறையாக 138.68 மீட்டர் முழு உயரத்தை எட்டியபோது, மத்தியப் பிரதேசத்தின் பட்வானி, தார் மாவட்டங்களில் ஊர்களுக்குள் தண்ணீர் ஏறியது. அங்கே பல குடும்பங்கள் அப்போதும் மறுவாழ்வுக்காகப் போராடிக்கொண்டிருந்தன. 1992 அறிக்கை எழுப்பிய கேள்விகளுக்கு அவர்களுக்குப் பதில் கிடைத்திருக்கவில்லை.